மாணவர் உடல்தகுதியை அளக்க ஆசிரியர்களைத் தயார்செய்வது எப்படி: பயிற்றுநருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே மாணவி, ஒரே நேரம், ஒரே புஷ்-அப் சோதனை. ஒரு ஆசிரியர் 18 என்று எழுதுகிறார். பக்கத்தில் நின்றவர் 11 என்று எழுதுகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் கை மடங்கிய ஒவ்வொரு முறையையும் எண்ணினார். மற்றவர் முழங்கை 90 டிகிரிக்கு வந்ததை மட்டும் எண்ணினார். அந்த மாணவியின் பதிவேட்டில் எந்த எண் ஏறும் என்பது, அன்றைக்கு அவள் எந்த வரிசையில் நின்றாள் என்பதைப் பொறுத்தது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகள் பலவும் இந்த இடத்தைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன. சோதனைகளின் பட்டியலைத் திரையில் காட்டுவார்கள், ஒருமுறை செய்து காட்டுவார்கள், சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆசிரியருக்கு விதி தெரியும். ஆனால் கண் பழகியிருக்காது. இந்த வழிகாட்டி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்போகும் உங்களுக்கானது. இதன் அடிப்படை ஒன்றுதான்: இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக ஒரே பிள்ளையை அளந்து, ஏறக்குறைய ஒரே எண்ணை எழுதும்வரை பயிற்சி முடியவில்லை.

படி 1: எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் பேசித் தீருங்கள்

முதல் அமர்வில் ஸ்டாப்வாட்சை வெளியே எடுக்க வேண்டாம். "இந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். மதிப்பெண் போட, விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்க, பெற்றோருக்குச் சொல்ல, மேலதிகாரி கேட்கிறார் என்பதற்காக என்று பல பதில்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் தேவையான சோதனை வேறு, வாசிக்கும் விதம் வேறு.

அமெரிக்காவின் கதை இதற்கு நல்ல பாடம். 1950-களில் மருத்துவர் ஹான்ஸ் கிராஸும் உடற்பயிற்சியாளர் பானி ப்ருடனும் நடத்திய கிராஸ்-வெபர் சோதனையில், அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை. அந்த அதிர்ச்சியில்தான் 1956-ல் அதிபர் ஐசனோவர் இளையோர் உடல்தகுதிக்கென ஒரு குழுவையே அமைத்தார். அந்தச் சோதனையில் இருந்ததோ உடற்பகுதித் தசை வலிமையையும் நெகிழ்வையும் பார்க்கும் ஆறு பயிற்சிகள் மட்டுமே. ஓட்டம் கிடையாது, தாங்குதிறன் கிடையாது. எதை அளக்கத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே முடிவையும் பாதி எழுதிவிடுகிறது.

பிறகு 1966-ல் உடல்தகுதிக்கான அதிபர் விருது வந்தது. எல்லாச் சோதனைகளிலும் நாட்டின் 85-ஆவது சதமானத்தையோ (நூற்றில் 85 பேரை முந்தும் இடம்) அதற்கு மேலோ எட்டும் மாணவருக்கே விருது. ஏற்கெனவே நன்றாக ஓடுபவருக்கு அது பதக்கம். மற்றவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கசப்பான நாள். 1982-ல் டல்லஸின் கூப்பர் நிறுவனம் உருவாக்கிய ஃபிட்னஸ்கிராம் வேறு வழியில் போனது. 'வகுப்பில் நீ எத்தனையாவது?' என்று கேட்காமல், 'ஆரோக்கியத்துக்குத் தேவையான அளவை எட்டியிருக்கிறாயா?' என்று கேட்டது. 2012-13 வாக்கில் பழைய அதிபர் சோதனையின் இடத்தை இந்த அணுகுமுறை பிடித்தது. 2025-ல் ஓர் அதிபர் ஆணை பழைய சோதனையை மீண்டும் கொண்டுவர முனைந்திருக்கிறது. ஆக, விவாதம் இன்னும் ஓயவில்லை.

பள்ளி வகுப்புக்கு ஃபிட்னஸ்கிராமின் வழியே பொருந்தும் என்பது என் கருத்து. திறமையாளரைக் கண்டெடுப்பது வேறு வேலை; அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: சோதனைகளைக் குறைத்துத் தேர்ந்தெடுங்கள்

உலகில் சோதனைத் தொகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய கவுன்சிலின் யூரோஃபிட் 1988 முதல் இருக்கிறது; அதில் ஒன்பது சோதனைகள். இந்தியாவின் கேலோ இந்தியா மதிப்பீட்டில் 5 முதல் 8 வயது வரை பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்), ஃபிளமிங்கோ சமநிலை (ஒற்றைக்காலில் நிற்பது), தட்டு தட்டுதல் (இரு வட்டுகளைக் கையால் மாறிமாறி வேகமாகத் தொடுவது) ஆகியவையும், 9 வயதுக்கு மேல் 50 மீட்டர், 600 மீட்டர், சிட்-அண்ட்-ரீச் (கால் நீட்டி உட்கார்ந்து கையை முன்னே எட்டுவது), பகுதி கர்ல்-அப் (படுத்தபடி மேலுடலைச் சற்றுத் தூக்குவது), புஷ்-அப் ஆகியவையும் உண்டு. ஸ்லோவேனியா 1987 முதல் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்துவருகிறது.

உங்கள் ஆசிரியர்கள் அரசு வகுத்த தொகுப்பைப் பின்பற்ற வேண்டியவர்கள் என்றால் தேர்வு என்ற பேச்சே இல்லை. நேரே அடுத்த படிக்குப் போங்கள். சுதந்திரம் இருந்தால் நான்கு அல்லது ஐந்தோடு நிறுத்துங்கள். இதய-நுரையீரல் தாங்குதிறனுக்கு 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் (வேகம் கூடிக்கொண்டே போகும் பீப் ஒலிக்கேற்ப இரு கோடுகளுக்கு இடையே மாறிமாறி ஓடுவது), கால் வலிமைக்கு நின்றபடி நீளம் தாண்டுதல், மேலுடலுக்குப் புஷ்-அப் அல்லது கைப்பிடி வலிமை, கூடவே உயரமும் எடையும். கைப்பிடி மானி (கையால் இறுக்கும் வலிமையைக் காட்டும் கருவி) இருந்தால் புஷ்-அப்பைவிட அதையே எடுப்பேன்; எண்ணுவதில் வரும் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நெகிழ்வுத்தன்மைச் சோதனையைக் கடைசியில் வைப்பேன். சிட்-அண்ட்-ரீச்சில் கை நீளம், கால் நீளம் இரண்டுமே எண்ணை மாற்றிவிடும். திடீரென்று கால் வளர்ந்த பிள்ளை ஒரே ஆண்டில் 'விறைத்துப்போனதாக'த் தெரியும்.

மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். ஓரத்தில் உட்காரவைத்து மற்றவர் ஓடுவதைப் பார்க்கச் சொல்வது எந்த வகையிலும் சரியில்லை. 10 முதல் 17 வயதினருக்கான ப்ராக்போர்ட் தொகுப்பு, குறைபாட்டின் தன்மைக்கேற்ப மாற்றுச் சோதனைகளைத் தருகிறது. பயிற்சியில் அதற்கென்று ஓர் அமர்வாவது ஒதுக்குங்கள்.

படி 3: ஆசிரியரை ஓடவையுங்கள்

உடல்நிலை இடம்கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை சோதனைக்கு உள்ளாகட்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். பீப் ஒலிக்குள் கோட்டைத் தொடமுடியாமல் சகாக்கள் முன் நிற்பது எப்படியிருக்கும் என்பதை உடம்பால் அறிந்தவர், பிறகு 13 வயதுப் பிள்ளையிடம் பேசும் தொனியே மாறிப்போகும்.

படி 4: ஒவ்வொரு சோதனையிலும் பிழை நுழையும் வாசலைக் காட்டுங்கள்

பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். செய்முறையை மட்டும் சொன்னால் போதாது. எங்கே தவறும், தவறினால் எண் எவ்வளவு மாறும் என்பதையும் காட்ட வேண்டும்.

*20 மீட்டர் ஷட்டில்.* கனடாவின் லூக் லெஜே 1982-ல் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட சோதனை இது. இன்று பரவலாக இருக்கும் வடிவத்தில் தொடக்க வேகம் மணிக்கு 8.5 கி.மீ.; ஒவ்வொரு நிமிடமும் அரை கி.மீ. கூடும்; அப்படிக் கூடும் ஒவ்வொரு படியும் ஒரு 'நிலை'. ஃபிட்னஸ்கிராம் பயன்படுத்தும் பேஸர் வடிவம் 8 கி.மீ.-யில் தொடங்குகிறது. இரண்டு ஒலிப்பதிவுகளையும் கலந்து பயன்படுத்தும் பள்ளிகள் தங்கள் எண்களை ஒப்பிடவே முடியாது. எனவே எந்த ஒலிப்பதிவு என்பதைப் பதிவுத்தாளின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தூரத்தை அடிவைத்து அளக்கும் பழக்கத்தை இங்கே கணக்குப் போட்டே உடைத்துவிடலாம். 20 மீட்டருக்குப் பதில் 19 மீட்டரில் கோடு போட்டால் ஐந்து சதவீதம் குறைகிறது. ஒலி மணிக்கு 10 கி.மீ. என்று சொல்லும்போது மாணவர் உண்மையில் ஓடுவது 9.5 கி.மீ. அதாவது சரியாக ஒரு நிலை இனாம். ஆசிரியர்களையே இந்தக் கணக்கைப் பலகையில் போடச் சொல்லுங்கள். அதன்பிறகு யாரும் டேப் இல்லாமல் மைதானத்துக்கு வரமாட்டார்கள்.

நிறுத்தும் விதியையும் முன்கூட்டியே ஒன்றாக்குங்கள். பேஸரில் இரண்டாவது முறை ஒலிக்குள் கோட்டை எட்டாவிட்டால் சோதனை முடிந்தது. லெஜே வடிவத்தைப் பயன்படுத்தும் கையேடுகள் சில, அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால்தான் நிறுத்தச் சொல்கின்றன. எது உங்கள் விதி என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். 'பாவம், இன்னொரு சுற்று ஓடட்டும்' என்று விடும் ஆசிரியரும், கால் ஒரு அங்குலம் குறைந்தாலே வெளியேற்றும் ஆசிரியரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஓடுபவர் நாலைந்து பேருக்கு ஒரு பார்வையாளர் என்று வையுங்கள். ஒரே ஆசிரியர் முப்பது பேரின் கால்களைப் பார்க்க முடியாது.

*50 மீட்டர் ஓட்டம்.* விசில் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப்வாட்சை அமுக்குவது பரவலான பழக்கம். ஒலி 50 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.15 வினாடி ஆகும். முடிவுக்கோட்டில் நிற்பவர் விசிலுக்குக் காத்திருந்தால் ஒவ்வொரு மாணவரும் அந்த அளவுக்கு வேகமானவராகிவிடுவார். அதனால் தொடங்குபவர் கையையோ கொடியையோ இறக்க, நேரம் எடுப்பவர் கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். அப்போதும் பிழை முழுக்கப் போகாது. தொடக்கத்தில் கை தாமதிக்கும். முடிவிலோ ஓடிவருபவரைப் பார்த்து முன்கூட்டியே அமுக்கிவிடும். மின்னணுக் கருவியைவிடக் கைநேரம் குறைவாகவே வரும் என்பது தடகளத்தில் எல்லோரும் அறிந்தது. ஆகவே முதல் முறை கையால், அடுத்த முறை மின்னணுக் கருவியால் எடுத்துவிட்டு 'முன்னேற்றம்' என்றோ 'சரிவு' என்றோ எழுதக் கூடாது.

*நின்றபடி நீளம் தாண்டுதல்.* கோட்டிலிருந்து, பின்தங்கி விழுந்த குதிகால்வரை அளக்க வேண்டும். விழுந்த பின் மாணவர் முன்னே ஓரடி வைத்துவிடுவார். ஆசிரியர் அந்த இடத்தைப் பார்த்து அளப்பார். பார்வையைக் குதிகாலில் வைக்கப் பழக்க எளிய வழி ஒன்று உண்டு: முதல் பத்துத் தாண்டல்களில் டேப் கூடாது. குதிகால் எங்கே விழுந்தது என்று ஆளுக்கொரு சுண்ணக்கட்டியால் குறியிடட்டும். பிறகு குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சே தேவையிருக்காது.

*புஷ்-அப், கர்ல்-அப்.* இரண்டுக்கும் தாளம் முக்கியம். ஃபிட்னஸ்கிராமில் மூன்று வினாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 20. தாளம் இல்லாமல் வேகமாகச் செய்தால் உந்துவிசையில் எண்ணிக்கை ஏறும். இங்கே காணொளிப் பயிற்சி கைகொடுக்கும். உரிய அனுமதியோடு எடுத்த பத்துக் காணொளிகளை, முகம் தெரியாதபடி பக்கவாட்டிலிருந்து எடுத்தவையாக, தயார்செய்யுங்கள். ஆசிரியர்கள் தனித்தனியே எண்ணி எழுதட்டும், பேசிக்கொள்ளக் கூடாது. பிறகு எண்களைப் பலகையில் போட்டு, மிகவும் விலகிய காணொளியை மெதுவாக ஓட்டி, எந்தெந்த முறை செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். அதே காணொளிகளை வரிசை மாற்றி மறுநாள் மீண்டும் எண்ணவைத்தால், ஒருவர் தனக்குத்தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

*உயரம், எடை.* எளிதென்று எல்லோரும் நினைப்பது. காலணி கழற்றி, குதிகால் ஒட்டி, பார்வை நேராக இருக்க, தலைமேல் பலகை முடியை அழுத்தித் தொட வேண்டும். 45 கிலோ எடையுள்ள பிள்ளையின் உயரம் 150 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. 20.0. தலை குனிந்து 147 என்று பதிவானால் 20.8. உயரம் வர்க்கமாவதால் சிறு பிழையும் பெருகிவிடும். காலையில் இருப்பதைவிட மாலையில் உயரம் சற்றுக் குறையும் என்பதால், அடுத்த முறையும் அதே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

படி 5: ஒத்துப்போகிறார்களா என்று கணக்கிடுங்கள்

'பரவாயில்லை, ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது' என்பது அளவீடு ஆகாது. இதற்கென்று எளிய கணக்கு இருக்கிறது. அளவீட்டின் தொழில்நுட்பப் பிழை என்று சொல்வார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே பத்துத் தாண்டல்களை அளந்ததாக வைத்துக்கொள்வோம். இருவரின் எண்களுக்கு இடையே வித்தியாசம் செ.மீ.-ல் 0, 2, 1, 3, 0, 1, 2, 4, 1, 2 என்று வருகிறது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40. அதை எண்ணிக்கையின் இரு மடங்கான 20-ஆல் வகுத்தால் 2. வர்க்கமூலம் 1.4 செ.மீ. அதுதான் பிழை.

இதன் பொருளை ஆசிரியருக்குப் புரியவைப்பதுதான் முக்கியம். இரண்டு தனித்தனி அளவீடுகளை ஒப்பிடும்போது இந்தப் பிழை இரண்டு பக்கமும் உண்டு. வழக்கமான 95 சதவீத நம்பிக்கை எல்லையில் அது சுமார் 4 செ.மீ. வரை போகும். அதாவது முதல் பருவத்தில் 152, இரண்டாம் பருவத்தில் 155 என்று பதிவான மாணவர் முன்னேறினாரா, ஆசிரியர் மாறினாரா என்று சொல்லவே முடியாது. மாணவரின் அன்றாட ஏற்றத்தாழ்வை இன்னும் சேர்க்கவேயில்லை. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட ஆசிரியர், சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பாராட்டவோ திட்டவோ மாட்டார்.

பயிற்சியின் முடிவில் சான்றிதழ் தருவதானால், இந்தக் கணக்கில் தேறியவருக்கே தாருங்கள். தேறாதவர் இன்னொரு அரைநாள் பழகட்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

படி 6: பாதுகாப்பு

சோதனைக்கு முன் உடல்நலக் கேள்வித்தாள் கட்டாயம். பெரியவர்களுக்கான பிரபலமான பார்-கியூ படிவம் 15 முதல் 69 வயதினருக்காக உருவானது. அதைச் சிறுவர்களுக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். பெற்றோர் நிரப்பும் தாளில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, உடற்பயிற்சியின்போது மயங்கி விழுந்த வரலாறு, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம், வலிப்பு, அண்மையில் வந்த காய்ச்சல், அன்றாட மருந்துகள் ஆகியவை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை ஓட்டம் வேண்டாம்.

இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இருந்தால் பயனில்லை. மைதானத்தில் இருக்க வேண்டும். வெயிலுக்கு முன் சோதனையை முடியுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், நிறம் வெளுத்தல், தள்ளாட்டம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே நிறுத்த வேண்டும். ஓடி முடித்தவரை உடனே உட்காரவிடாமல் நடக்கவையுங்கள். யார் முதலுதவி, யார் தொலைபேசி, யார் வாசலில் நின்று வண்டியை உள்ளே கொண்டுவருவது என்று பெயர் சொல்லி ஒத்திகை பாருங்கள்.

படி 7: பிள்ளையின் மானம்

எடையை உரக்கச் சொல்லி, தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதும் காட்சி இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஒரு தடுப்புத்திரையும், தானே பார்த்துத் தானே எழுதும் ஆசிரியரும் இருந்தால் அது தீர்ந்தது. எண்களைச் சுவரில் ஒட்டக் கூடாது. ஒருவர் செய்ய எல்லோரும் வட்டமாக நின்று பார்ப்பதும் கூடாது. நிலையங்களாகப் பிரித்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதாவது செய்துகொண்டிருந்தால், யாரும் யாரையும் வேடிக்கை பார்க்க நேரமிருக்காது. ஷட்டிலில் முதலில் ஓட்டத்தை நிறுத்தும் பிள்ளை தனியாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். நின்றவர்கள் உடனே அடுத்த வேலைக்கு, எண்ணுவதற்கோ தண்ணீர் எடுத்துவரவோ, போகும்படி அமைத்தால் பெருமளவு சமாளிக்கலாம்.

ஆசிரியரின் வாய்ச்சொல்லையும் பயிற்சியில் எடுங்கள். இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்கட்டும். 'இவ்வளவுதானா?' என்பதற்குப் பதில் என்ன சொல்வது? 'போன முறை எந்த நிலையில் நின்றாய், ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்டால் உரையாடல் வேறு பக்கம் போகும்.

படி 8: எண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

13 வயதுப் பையன்கள் இருவர். ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது. மற்றவன் இன்னும் சிறுவன். பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயது வாக்கிலும், ஆண்பிள்ளைகள் 14 வாக்கிலும் மிக வேகமாக வளர்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது ஓரிரு ஆண்டு முன்பின்னாகும். முந்தி வளர்ந்த பையன் வலிமைச் சோதனையில் ஜெயிப்பது பயிற்சியால் அல்ல, பருவத்தால். அதனால் வயது அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அந்தப் பிள்ளையின் முந்தைய எண்ணோடு ஒப்பிடப் பழக்குங்கள்.

பி.எம்.ஐ.-யில் நிற்கும் பொறி ஒன்று: பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் போடுவது. 5 முதல் 19 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி அட்டவணையில் வயதும் பாலினமும் பார்த்தே வாசிக்க வேண்டும். அதில்கூடத் தசையா கொழுப்பா என்பது தெரியாது. 'குண்டு' என்று தீர்ப்புச் சொல்வது ஆசிரியர் வேலையும் அல்ல. எல்லைக்கு வெளியே இருந்தால் பெற்றோரிடம் தனியே பேசி மருத்துவரிடம் அனுப்புவதோடு அவர் பொறுப்பு நிற்கிறது.

ஷட்டிலில் குறைந்த எண்ணுக்கு இதயம் மட்டும் காரணமில்லை. தூக்கமின்மை, பசி, மாதவிடாய், தோழியோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை என்று எதுவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுங்கள்.

படி 9: எண்ணிலிருந்து பாடத்திட்டத்துக்கு

ஒரு வகுப்பின் எண்களைக் கற்பனையாகத் தயாரித்து ஆசிரியர்கள் கையில் கொடுத்து, அடுத்த எட்டு வாரத்துக்கான வகுப்பைத் திட்டமிடச் சொல்லுங்கள். தாங்குதிறன் குறைந்த வகுப்பு என்றால், வரிசையில் நின்று காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் சிறுகுழு விளையாட்டுகள். மேலுடல் வலிமை குறைந்தால் தொங்குதல், ஊர்தல், தள்ளுதல் கலந்த சூடேற்றும் பயிற்சிகள். பி.டி. பீரியட் மட்டும் போதாது என்பதும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது தீவிர உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வீட்டிலும் தெருவிலும் நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சோதனை எண்ணுக்கு மதிப்பெண் போடுவதை நான் ஏற்கவில்லை. பரம்பரையும் பருவமும் பாதி தீர்மானிக்கும் ஒன்றுக்குத் தரம் போடுவது நியாயமில்லை. மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், தன் எண்ணைத் தானே வாசித்து ஓர் இலக்கு வைக்கத் தெரிகிறதா என்பதற்குப் போடலாம்.

பெற்றோருக்கான கடிதத்தையும் பயிற்சியிலேயே எழுதவையுங்கள். அரைப்பக்கம் போதும். பிள்ளை எதில் நன்றாக இருக்கிறாள், எதில் முன்னேறலாம், வீட்டில் என்ன செய்யலாம். 'தோல்வி' என்ற சொல் வரக் கூடாது. எழுதியதைப் பக்கத்து ஆசிரியர், தாயின் இடத்தில் இருந்து உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

படி 10: பள்ளியில் ஒருமுறை, பிறகு மீண்டும்

பயிற்சி முடிந்த சில வாரங்களுக்குள் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு வகுப்பை முழுதாக அளக்க, நீங்களோ சக ஆசிரியரோ பக்கத்தில் நின்று இணையாக எழுத வேண்டும். படி 5-ல் போட்ட அதே கணக்கை அந்த எண்களுக்கும் போடுங்கள். பயிற்சி அறையில் ஒத்துப்போனவர்கள், நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும் மைதானத்தில் விலகிப்போவது சகஜம். பெரும்பாலும் காரணம் அறியாமை இல்லை, அவசரம். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது கால அட்டவணையை. ஒரே பீரியடில் ஐந்து சோதனைகளைத் திணிக்காமல் மூன்று வகுப்புகளுக்குப் பரப்பினால் எண்கள் திருந்திவிடும்.

அதற்குப்பின் ஆண்டுக்கு ஒருமுறை, சோதனைக் காலம் தொடங்குவதற்கு முன், அதே பத்துக் காணொளிகளோடு ஒரு மணிநேரம் கூடி எண்ணிப் பார்த்தால் போதும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரை அன்று பழையவர் ஒருவரோடு இணையுங்கள். டேப்பையும் எடைக்கருவியையும் அன்றே சரிபாருங்கள். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார்த்து, வந்த எண்ணைத் தேதியோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.